மதிலுக்குப் பின்னால் இருக்கும் வேலை: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கேள்வி: கோத்தகிரி வட்டாரப் பள்ளி ஆசிரியை, 9 ஜூன் 2025

இந்த மாதக் கடைசியில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உற்பத்தித் துறை வேலைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும்படி என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் தமிழ் நடத்துபவள். எங்கள் பள்ளியில் படிப்பை முடிக்கும் ஆண் பிள்ளைகளில் பலர் சுற்றுலா வண்டி ஓட்டப் போகிறார்கள், இல்லையென்றால் தங்கும் விடுதிகளில் சேர்கிறார்கள்; பெண் பிள்ளைகளில் சிலர் கல்லூரிக்கும் சிலர் திருப்பூருக்கும் போகிறார்கள். லேத் (கடைசல் இயந்திரம்), வெல்டிங் என்று சொன்னாலே வகுப்பில் சிரிப்பு எழுகிறது. மலையில் ஆலையே இல்லாதபோது, ஆலை வேலையைப் பற்றிப் பேசிப் பிள்ளைகளைக் கீழே அனுப்பி வைப்பது சரிதானா? ஆர்வமே இல்லாதவர்களுக்கு அதை ஊட்டத்தான் முடியுமா?

பதில்: தேயிலைத் தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பாளர் ஒருவர், 9 ஜூன், இரவு

மலையில் ஆலையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உங்கள் பிள்ளைகள் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பேருந்தில் போகும்போது அருவங்காட்டில் ஒரு மதிலைக் கடந்துதான் போகிறார்கள். அந்த மதிலுக்குப் பின்னால், துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் வேண்டிய உந்துமருந்தை நூற்றிருபது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது கார்டைட் தொழிற்சாலை. இன்னும் சற்று மேலே, கேத்திப் பள்ளத்தாக்கில், 1949-இல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. பிள்ளைகளின் அம்மாக்கள் கம்பளி பின்னும் ஊசி அங்கே செய்ததாக இருக்கலாம். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் வெறிநாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கப்பட்டு, பிற்பாடு குழந்தைகளுக்கான முத்தடுப்பு மருந்தையும் செய்தது. தேயிலைத் தொழிற்சாலைகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை, ஏனென்றால் அவற்றை நம் ஊரில் யாரும் ஆலை என்று நினைப்பதில்லை. மூடுபனியைப் போல அவையும் மலையோடு பிறந்தவை என்ற நினைப்பு நமக்கு.

இவையெல்லாம் மதிலுக்குப் பின்னால் நடப்பதுதான் சிக்கல். வண்டி ஓட்டுவதைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள்: கழுவித் துடைத்த வண்டி, ஓட்டுநரின் கறுப்புக் கண்ணாடி, இறங்கும்போது பயணி கையில் திணிக்கும் நூறு ரூபாய். ஊசிக்குக் காது போடுகிறவரை எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. கண்ணில் படாத ஒன்றின் மீது ஆர்வமில்லை என்று அவர்களைக் குறை சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

10 ஜூன்

நான் யார் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்தில் பிறந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்து, 1988 முதல் 1990 வரை ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் (லேத் வேலை) படித்து, ஆறு ஆண்டு கோவையில் லேத் ஓட்டிவிட்டு, திரும்ப மலையேறித் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புக்குச் சேர்ந்தவன். இப்போது எனக்கு முக்கிய வேலை தேயிலையை நொறுக்கும் சி.டி.சி. இயந்திரத்தின் ரோலர்களுக்குக் கூர் போடுவது. மேடையில் பேசிப் பழக்கமில்லை.

13 ஜூன்

ஊட்டியிலிருந்து ஒரு பெரியவர் எனக்குப் பதில் எழுதியிருக்கிறார். பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பெற்றோரைப் பற்றிக் கவலைப்படுங்கள் என்கிறார். அவர் சொல்வது இந்து நகர் பிலிம் தொழிற்சாலையை. 1960-இல் அரசு நிறுவனமாக அமைந்து, 1967-இல் உற்பத்தி தொடங்கி, எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு வெள்ளைப் புகைப்படச் சுருளும் செய்த இடம். தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காகவே அதை மலையில் வைத்தார்கள். வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்பதால் சில பிரிவுகளில் இருட்டிலேயே வேலை நடக்கும். தடவிப் பார்த்தே எது எங்கே என்று அறிந்துகொள்ளும் கைகள் அங்கே உருவாயின. தொண்ணூறுகளில் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் படம் வந்த பிறகு மீளவே இல்லை. ஒரு தலைமுறைக்கே ஆலை வேலை என்றால் நிலையான வேலை என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று என்கிறார் பெரியவர்.

நான் முதல் நாள் எழுதியதில் இது இல்லை. மதிலைப் பற்றி மட்டும் எழுதினேன். மூடிய கதவைப் பற்றி எழுதவில்லை. பெற்றோர் கேட்பார்கள்: அவ்வளவு பெரிய அரசாங்க ஆலையே நிற்கவில்லை, கணினி ஓட்டும் உங்கள் சி.என்.சி. இயந்திரம் எத்தனை நாள் நிற்கும்? இதற்கு என்னிடம் இருக்கும் பதில் சின்னது. பிலிம் போயிற்று; ஆனால் அங்கே மோட்டாரையும் பம்பையும் குளிரூட்டும் இயந்திரத்தையும் பராமரித்தவர்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் அதே மோட்டாரும் அதே பம்பும் இருந்தன. பொருளுக்கு ஆயுள் குறைவு, கைத்தொழிலுக்கு அதைவிடக் கூடுதல். பிள்ளைகளிடம் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஆசை காட்டாமல் ஒரு தொழிலின் பெயரைச் சொல்லலாம் என்பது இதிலிருந்து எனக்குத் தோன்றுவது. இதையும் பெற்றோர் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். ஐம்பது வயதில் வேலை போனவருக்குக் கைத்தொழில் இருக்கிறதே என்று சொல்வது ஆறுதல் ஆகாது.

15 ஜூன், ஞாயிறு

ஆசிரியை அவர்கள் பேச்சை விட்டுவிட்டுப் பிள்ளைகளை எங்கள் ரோலர் அறைக்கே அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறார். நிர்வாகத்திடம் கேட்டு 21-ஆம் தேதி சனிக்கிழமைக்கு ஒப்புதல் வாங்கிவிட்டேன். ஒரு நேரத்தில் ஏழு பேர், மொத்தம் பதினான்கு பேர்.

என்ன காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மலைப் பிள்ளைகளுக்கென்றே ஒரு செய்தி இருப்பது நினைவுக்கு வந்தது. உலகம் முழுவதும் எஃகுப் பொருள்களின் அளவு 20 டிகிரி வெப்பநிலையில் சொல்லப்படுகிறது. வரைபடத்தில் 100 மி.மீ. என்று போட்டிருந்தால், 20 டிகிரியில் 100 மி.மீ. என்று பொருள். கோவையில் அளவறையை ராப்பகலாகக் குளிரூட்டி அந்த 20 டிகிரியைப் பிடித்து வைக்கிறார்கள். 35 டிகிரி வெயிலில் அதே எஃகுத் துண்டு 0.17 மி.மீ. நீண்டுவிடும். கோத்தகிரியில் நல்ல நாளில் சன்னலைத் திறந்து வைத்தாலே அந்த வெப்பநிலை கிடைக்கிறது. கோடி ரூபாய் கொடுத்துக் கீழே செய்யும் வானிலை நமக்கு இலவசம்.

16 ஜூன்

நேற்றைய குறிப்பில் பிழை. அருவங்காட்டிலிருந்து ஒருவர், தன் பெயரைச் சொல்லாமல், கணக்கை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். 100 மி.மீ. துண்டு, 15 டிகிரி வேறுபாடு. பெருக்கினால் 17 மைக்ரான், அதாவது 0.017 மி.மீ. நான் புள்ளியை ஓர் இடம் தள்ளிப் போட்டுவிட்டேன். இங்கே எழுதியதால் திருத்த முடிந்தது. லேத்தில் இதைச் செய்திருந்தால் ஜாப் (வெட்டிச் செய்யும் பொருள்) பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

அதே அன்பர் இன்னொன்றும் சொல்கிறார்: மலையின் இலவச வானிலையோடு இலவசத் துருவும் வரும். உண்மை. ஜூன் மாதத்தில் எங்கள் அறையில் ஒரு ராத்திரி எண்ணெய் பூசாமல் விட்ட மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவி காலையில் செம்மண் நிறத்தில் எழுந்திருக்கும்.

22 ஜூன், ஞாயிறு

நேற்று பிள்ளைகள் வந்து போனார்கள். நீளமாக எழுதப் போகிறேன்.

முதல் அரைமணி நேரம் வீண். ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். சி.டி.சி. இயந்திரம் 1930 வாக்கில் அசாமில் உருவானது, நொறுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தாம் அந்தப் பெயர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைவிட மோசமான நிலை இல்லை. ஒரு பையன் வாட்டும் தொட்டியில் கிடந்த கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். கணக்குப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்து நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

பிறகு ரோலரை நேரில் காட்டினேன். துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகளைத் தண்டில் கோத்துச் செய்த 36 அங்குல உருளை. ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பல். இரண்டு உருளைகள் ஒன்றையொன்று நோக்கிச் சுழலும்; ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 சுற்று, மற்றது 700. வேகத்தில் இருக்கும் அந்த வேறுபாடுதான் இலையைக் கிழிக்கிறது. பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கிச் சூடேறும். தூள் தட்டையாகவும் நாராகவும் வரும், ஏலத்தில் விலை இறங்கும். அதனால் குறித்த நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கொண்டுவந்து, சேசிங்கில் சுற்றுவரிகளையும் மில்லிங்கில் சாய்வரிகளையும் புதிதாக வெட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் உருளை சற்று மெலியும். மழுங்கிய ரோலரையும் கூர் போட்ட ரோலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இயக்கம் நிறுத்தி, பூட்டுப் போட்ட பிறகு, விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கொழுந்தைக் கிள்ளிய பையன் முதலில் தொட்டான். "இது பூனை நாக்கு, அது பூனை நகம்" என்றான். முப்பது ஆண்டாக இந்த வேலையைச் செய்கிறேன், இவ்வளவு சரியாக நான் சொன்னதில்லை.

அடுத்து மைக்ரோமீட்டர். ஆளுக்கொரு தலைமுடியைப் பிடுங்கி அளக்கச் சொன்னேன். அதன் திருகுமுனையான ராட்செட் "டிக், டிக்" என்று வழுக்கும்போது நிறுத்த வேண்டும், அதற்கு மேல் திருகக் கூடாது என்பது மட்டும்தான் நான் கொடுத்த பாடம். ஒரு மாணவியின் முடி 0.06 மி.மீ. வந்தது. பக்கத்திலிருந்த பையனுக்கு 0.08. தன் முடிதான் தடிமன் என்று அவன் பெருமைப்பட, அந்தப் பெண் அவனிடமிருந்து மைக்ரோமீட்டரை வாங்கி, அதன் இரண்டு முகங்களையும் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தாள், 0.07 என்று இறங்கியது. "எண்ணெயையும் சேர்த்து அளந்திருக்கிறாய்" என்றாள். துடைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பயிற்சிக்கு வரும் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் வர ஆறு மாதம் ஆகும். ஆர்வத்தை ஊட்ட முடியுமா என்று ஆசிரியை கேட்ட கேள்விக்கு, கருவியைக் கையில் கொடுத்தால் அது தானாகவே வருகிறது என்று அப்போது பதில் சொல்லத் தோன்றியது. ஆனால் பதினான்கு பேரில் நான்கு பேரிடம்தான் அதைக் கண்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு நாங்கள் கொடுத்த வர்க்கி பிடித்திருந்தது.

கடைசியாகக் கலர் சார்ட்டர். தேயிலைத் தூள் சரிவில் விழும்போது கேமரா பார்த்து, நாரும் காம்புமாக வெளிறியிருப்பதைக் காற்றை ஊதி ஒதுக்கித் தள்ளும் இயந்திரம். செல்பேசியில் விளையாடும் பையன்கள் அதன் திரையை விட்டு நகரவில்லை. எதை நார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று ஒருவன் கேட்டான். அதை இயக்கும் பெண் தன்னையே சுட்டிக்காட்டினார். பள்ளிப் படிப்பு மட்டும் முடித்தவர் அவர். பையன்கள் அவரைப் பார்த்த பார்வை நேற்றைய நாளின் நல்ல பகுதிகளில் ஒன்று.

23 ஜூன்

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. என் இடது கை ஆள்காட்டி விரலுக்கு மேற்கணு இல்லை. 1992-இல், கோவையில் ஒரு பட்டறையில், பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்த லேத்தில் போயிற்று. மூடி இருந்தால் பெல்ட் மாற்ற நேரமாகிறது என்று முதலாளி சொன்னார், நானும் தலையாட்டினேன். சனிக்கிழமை முழுவதும் அந்தக் கையை ஸ்வெட்டர் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். குளிருக்காக என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். போகும்போது வர்க்கித் தட்டை இரண்டு கையாலும் நீட்ட வேண்டியிருந்தது. பூனை நகம் என்று சொன்ன பையன் பார்த்துவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை.

மறைத்தது தவறு என்று இப்போது படுகிறது. அடுத்த முறை இந்த விரலிலிருந்தே தொடங்குவேன்.

29 ஜூன்

மேட்டுப்பாளையத்து வாசகர் ஒருவருக்கு என் குறிப்புகள் பொறுமையைச் சோதிக்கின்றன. நவீன உற்பத்தியைப் பற்றிக் கேட்டால் கிழவர் ரோலரையும் மைக்ரோமீட்டரையும் காட்டுகிறார், ரோபோவும் முப்பரிமாண அச்சும் எங்கே என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். என்னிடம் ரோபோ இல்லை. என் அக்கா மகனைப் பற்றிச் சொல்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் முடித்துவிட்டு ஏழு ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு வி.எம்.சி. (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) பட்டறையில் இயக்குநனாகச் சேர்ந்தான். தொடக்கச் சம்பளம் 11,500. ஜாப்பை வைப்பது, பொத்தானை அழுத்துவது, எடுத்து அளப்பது, மறுபடியும் வைப்பது. ஓராண்டில் இது என்ன வேலை என்று வெறுத்துப்போய் என்னிடம் வந்தான். திரையில் ஓடும் புரோகிராமைப் படிக்கிறாயா என்று கேட்டேன். படிக்கவில்லை. ஜி00 என்றால் வெட்டாமல் விரைவாக நகர், ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் நகர், ஜி02-வும் ஜி03-யும் வளைவு, எம்03 என்றால் சுழல்தண்டைச் சுற்று, எம்08 என்றால் கூலன்ட்டைத் திற: இந்த அளவு தெரிந்துகொண்டு, ஒவ்வொரு வரி ஓடும்போதும் டூல் என்ன செய்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இரு என்றேன். எனக்கே அப்போது அவ்வளவுதான் தெரியும். இரண்டாண்டில் செட்டிங்குக்கு (டூலையும் ஜாப்பையும் பொருத்தி இயந்திரத்தைத் தயார் செய்யும் வேலைக்கு) போனான், பிறகு புரோகிராமிங்குக்கு. இன்று 34,000 வாங்குகிறான். மாதத்தில் பாதி இரவு ஷிஃப்ட், நான்கு பேர் தங்கும் அறை. பொறியியல் முடித்த பையன்கள் அதே பட்டறைக்கு இவனைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேலை கேட்டு வருகிறார்களாம். இதை வைத்துக் கல்லூரி வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. செட்டிங்குக்குப் போகாமல் ஏழு ஆண்டாகப் பொத்தான் அழுத்திக்கொண்டிருப்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அவர்கள் சம்பளம் இதில் பாதி.

அவன் வேலையை விட நினைத்ததற்குச் சலிப்பு மட்டும் காரணமாக இருக்கவில்லை என்பதைப் பிற்பாடுதான் சொன்னான். முதல் மூன்று மாதம் வெயில் தாங்கவில்லை, தூக்கமில்லை, கொசு, தண்ணீர் ருசி வேறு, அறையில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. மலைப் பிள்ளைகள் கீழே போய் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுவதைப் பார்த்து, உழைக்க மனமில்லாதவர்கள் என்று பட்டறைக்காரர்கள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். ஆசிரியை அவர்களே, பிள்ளைகளை அனுப்புவதானால் ஒரே ஹட்டியிலிருந்தோ (படகர் ஊரிலிருந்தோ) ஒரே லயத்திலிருந்தோ இரண்டு பேராக அனுப்புங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அனுப்பாதீர்கள். எந்த வழிகாட்டி நூலிலும் இது இருக்காது.

3 ஜூலை

மலை ரயிலை மறந்துவிட்டீர்களே என்று குன்னூர்க்காரர்கள் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். மறக்கவில்லை, பயந்துதான் எழுதவில்லை; ரயிலைத் தொட்டால் இந்தக் கேள்வி-பதில் இழை ரயில் இழையாகிவிடும். ஒன்று மட்டும். பல்சக்கரத்தில் ஏறும் அந்த எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. பழையவை தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் அவற்றைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தது. 12-க்கு 1 என்ற ஏற்றத்தில், பயணிகளைச் சுமந்துகொண்டு, பல்லோடு பல் கவ்வி ஏறும் சக்கரத்தை நம் ஊர் ஃபிட்டர்களும் மெஷினிஸ்ட்டுகளும் செய்தார்கள். செல்பேசியில் ரயிலைப் படமெடுக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பல்லைக் காட்டலாம்.

கூடவே ஒன்று: இரும்பு வேலை இந்த மலைக்கு அயல் என்று நினைப்பவர்கள் நீலகிரியின் பழங்குடிக் கொல்லர்களான கோத்தர்களை நினைத்துக்கொள்ள வேண்டும். படகரின் மண்வெட்டியையும் தோடரின் கத்தியையும் அவர்கள்தாம் தலைமுறைகளாக அடித்துக் கொடுத்தார்கள். மின்சாரமும் அப்படித்தான்: 1932-இல் பைக்காராவின் தண்ணீர் மின்சாரமாகிக் கீழே இறங்கிய பிறகுதான் கோவை ஆலைகள் பெருகின. தண்ணீர் முதலில் இறங்கியது, பிள்ளைகள் பிறகு இறங்கினார்கள்.

12 ஜூலை

முடியை அளந்த மாணவியின் அம்மா இன்று தொழிற்சாலை வாசலில் காத்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிப்பவர், வயது 38. மகளைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மகள் பத்தாவது முடிக்க இன்னும் ஓராண்டு இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம், இப்போது ஐ.டி.ஐ.யில் தாமே சேர முடியுமா என்று கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பத்தாவது தேறிய சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. வயது தாண்டிவிட்டதே அம்மா என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து விசாரித்தேன். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.க்களில் ஆண்களுக்கு 40 வயது வரம்பு. பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பேருந்துச் சலுகை உண்டு. வெல்டர் ஓராண்டு, அதற்கு எட்டாவது தேறியிருந்தாலே போதும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் இரண்டாண்டு. காலியிடம் இருக்கும் பிரிவுகளுக்கு நேரடிச் சேர்க்கையும் நடக்கும். பிள்ளைகளுக்காக இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: பத்தாவதுக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டு தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக ஏற்கிறார்கள். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. ஐ.டி.ஐ. என்றால் படிப்பு அத்தோடு முடிந்தது என்று நினைக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையத்து வாசகருக்கும் ஒரு பதில் கிடைத்தது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தும் திட்டத்தில், மேம்பட்ட சி.என்.சி., தொழில்துறை ரோபோட்டிக்ஸ் போன்ற பிரிவுகள் வந்திருக்கின்றன. நான் படித்த காலத்தில் லேத் ஒன்றுக்கு நாலு பேர் முறை வைத்து நிற்போம்.

19 ஜூலை

ஓசூரிலும் திருப்பெரும்புதூர்ப் பக்கத்திலும் செல்பேசித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்களே, உங்கள் குறிப்புகளில் அவர்கள் ஏன் இல்லை என்று கூடலூரிலிருந்து ஒரு பெண் கேட்கிறார். அவருடைய தங்கை அங்கே இருக்கிறாராம். நான் கோவையைத் தாண்டி யோசிக்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம். திருப்பெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த மகளிர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். கோத்தகிரி நகரில் பாதிப் பேரையாவது அதில் தங்க வைத்துவிடலாம்.

பகுதிகளைச் சேர்த்துப் பொருத்துவது ஒரு கைத்தொழிலா என்று முதலில் எழுதி, அதை அழித்துவிட்டேன். பொத்தான் அழுத்துவதைப் பற்றி ஜூன் 29-ஆம் தேதி எழுதியது இங்கும் பொருந்தும். கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், அங்கிருந்து அடுத்த படிக்கு வழி இருக்கிறதா? தன் தங்கை இரண்டாண்டு பகுதிகளைப் பொருத்திக்கொண்டிருந்துவிட்டு இப்போது தரப் பரிசோதனையில் இருப்பதாகவும், வரிசையில் பழுது எங்கே வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை என்றும் அந்தப் பெண் எழுதியிருக்கிறார். அதே கடிதத்தில், வாரக்கணக்காக ஷிஃப்ட் மாறுவதால் தங்கைக்குத் தூக்கம் கெட்டுப்போனதையும் எழுதியிருக்கிறார். இரண்டையும் பிள்ளைகளிடம் படித்துக் காட்டலாம். என் விரலைக் காட்டுவதைப் போலத்தான் இதுவும்.

27 ஜூலை, ஞாயிறு

இரண்டாவது குழு நேற்று வந்தது. சொன்னபடியே விரலில் தொடங்கினேன். பெல்ட்டின் மூடியைக் காட்டினேன், அவசர நிறுத்தப் பொத்தானைக் காட்டினேன், ஒவ்வொருவரையும் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. வலித்ததா என்று கேட்டார்கள், முதலாளி பணம் கொடுத்தாரா என்று கேட்டார்கள், அந்த வேலையை ஏன் விடவில்லை என்று கேட்டார்கள். மூன்றாவதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், சேசிங் செய்யும்போது எஃகு சுருள் சுருளாகப் பிரிந்து வருவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதனால்தான் என்றேன். ஒரு பெண் அந்தச் சுருளில் ஒன்று கேட்டாள். கையைக் கிழித்துவிடும் என்று சொல்லி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கணக்கு ஆசிரியரையும் அழைத்து வாருங்கள். சாய்வரியின் கோணத்தை ஏன் மாற்றக் கூடாது என்று ஒரு பையன் கேட்ட கேள்விக்கு முக்கோணவியல் தெரிந்தவர்தான் பதில் சொல்ல முடியும்.

2 ஆகஸ்ட்

கொழுந்து பறிக்கும் அந்த அம்மா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிட்டார், வெல்டர் பிரிவு. தினக்கூலி போய்விடுமே என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. 750 ரூபாய் உதவித்தொகையில் ஓராண்டை ஓட்ட முடியாது என்று அவர் கணவர் சொல்வதில் பிழையில்லை. சேர்க்கை முடிய இன்னும் சில நாள் இருக்கிறது.

பூனை நகம் என்ற பையன் மட்டும் சனிக்கிழமைகளில் தானாகவே வரத் தொடங்கியிருக்கிறான். இன்று செருப்போடு வந்ததால் திருப்பி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, அண்ணனின் ஷூவை மாட்டிக்கொண்டு, இரண்டு அளவு பெரிதாக இருந்ததால் முன்னால் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு, மறுபடியும் வந்து நின்றான்.